தரையில் விழுந்த காய்கள்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில், செம்மண் காட்டின் நடுவே ஒரு மடு இருந்தது. செம்மடு என்று பெயர். எந்தக் கோடையிலும் அது முழுக்க வற்றியதில்லை. அதன் கரையில் தாழி என்ற வாம்பட் வளை தோண்டிக் குடியிருந்தாள்.

வாம்பட் என்பது பன்றிக்குட்டியின் உடம்பும் கரடிக்குட்டியின் முகமும் கொண்ட பிராணி. கங்காருவைப் போல அதற்கும் வயிற்றில் பை உண்டு. ஆனால் பையின் வாய் பின்பக்கமாகத் திறந்திருக்கும். தாய் வளை தோண்டும்போது பிள்ளையின் கண்ணில் புழுதி விழக்கூடாது பாருங்கள். தாழியின் பையில் மொட்டு என்ற குட்டி இருந்தது. பையை விட்டு இறங்கி நடக்கப் பழகும் வயது அதற்கு.

தாழி நல்ல உழைப்பாளி. கொஞ்சம் கோபக்காரி. அந்த நாட்களில் அவளுடைய கோபமெல்லாம் தண்ணீர்த்துறையைப் பற்றியதாகவே இருந்தது.

மடு பெரியதுதான். ஆனால் இறங்கிக் குடிக்க மேற்குத் துறை ஒன்றே இருந்தது. கிழக்குத் துறை சேறும் கோரையும் மண்டி எப்போதோ மூடிப்போயிருந்தது. முன்பெல்லாம் ஒரு துறையே போதும். காலையில் போனால் நாலைந்து கங்காருக்கள் இருக்கும், ஓர் ஈமு இருக்கும். குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டு வரலாம்.

பிறகு வடக்கே சதுப்பு நிலங்கள் காய்ந்தன. அரிவாள்மூக்கன் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. தெற்கே காடு எரிந்தது. சிறு கங்காருக்கள் குட்டிகளோடு வந்து சேர்ந்தன. வந்தவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தார்கள், இருந்தவர்களுக்கும் பிறந்தார்கள். துறையில் வரிசை வளைந்து வளைந்து தைலமரத் தோப்பைத் தாண்டிப் போனது. வெயில் ஏறும்போது நிற்கத் தொடங்கினால், வெயில் தாழும்போதுதான் நாக்கு நனைந்தது.

"கிழக்குத் துறையைத் தூர் வாரினால் பாதிக் கூட்டம் அந்தப் பக்கம் போய்விடும். இதைச் செய்ய ஒரு தலைவருக்கும் மனமில்லையே" என்று தாழி புலம்பினாள்.

அவளுக்கு முன்னால் நெடுங்காலன் என்ற கங்காரு நின்றிருந்தான். அவன் பக்கத்து மரநிழலில் வசிப்பவன்.

"தலைவராமே, தலைவர்" என்று கொட்டாவி விட்டான் அவன். "கொண்டை ஆண்டால் என்ன, வால் ஆண்டால் என்ன, அக்கா? வரிசை வரிசைதான்."

கொண்டை என்று அவன் சொன்னது சாமரன் என்ற கொண்டைக்கிளியை. வால் என்றது வரியன் என்ற பெரிய உடும்பை. செம்மடுவின் தலைமைக்கு இந்த இருவர்தான் மாறி மாறிப் போட்டியிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் தேர்வு நாள் வரும். மடுவின் கரையில் உள்ளே பொந்து விழுந்த இரண்டு மரக்கட்டைகளை வைப்பார்கள். ஒன்று சாமரனுக்கு, ஒன்று வரியனுக்கு. ஒவ்வொருவரும் ஒரு தைலமரக் காயைத் தனக்குப் பிடித்தவரின் கட்டைக்குள் போட வேண்டும். வந்து காய் போடாதவர்களுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் எல்லோரும் வந்துவிடுவார்கள். புதிதாகக் குடியேறியவர்கள் மட்டும் இரண்டு மழைக்காலம் காத்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டுத் தேர்வுக்கு முன், இருவரும் வழக்கம்போல் பேச வந்தார்கள்.

சாமரன் கிளையில் அமர்ந்து மஞ்சள் கொண்டையை விசிறிபோல் விரித்தான். "என் அருமை மடுவாசிகளே! கூட்டம் பெருகினால் பெருமை பெருகும். வருகிறவர்கள் வரட்டும். செம்மடு வளர்கிறது!"

"எல்லோரும் எங்கே நின்று தண்ணீர் குடிப்பது?" என்று கீழேயிருந்து தாழி கேட்டாள்.

"நல்ல கேள்வி. மிக நல்ல கேள்வி" என்றான் சாமரன். பிறகு கொண்டையை மடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பறந்துபோனான்.

சாமரனின் உறவினர்களுக்குக் கூட்டத்தால் நல்ல லாபம். ஆயிரம் கால்கள் நடந்து மண் கிளறினால், அடியில் கிடக்கும் விதைகளும் கிழங்குகளும் மேலே வரும். கொண்டைக்கிளிகள் கால் அழுக்காகாமல் பொறுக்கித் தின்னும்.

மறுநாள் வரியன் வந்தான். பாறைமேல் ஏறி நாக்கை நீட்டி நீட்டி உள்ளிழுத்தான். "உங்கள் தண்ணீரைக் குடித்தது யார்? வந்தேறிகள்! அந்த வளைந்த மூக்குகளைப் பாருங்கள். நான் வந்தால் அவர்களை ஓட்டுவேன்."

"ஓட்டுவது இருக்கட்டும். கிழக்குத் துறையைத் திறப்பீர்களா?" என்று தாழி கேட்டாள்.

வரியனின் முகம் சுருங்கியது. "முதலில் எதிரியைப் பார்ப்போம். துறையைப் பிறகு பார்ப்போம்."

வரியன் பகலில் பறவைகளைத் திட்டினானே தவிர, அவர்கள் போய்விடுவதை அவன் உண்மையில் விரும்பவில்லை. கிழக்குக் கரைக் கோரையை ஒட்டிய புதர்களில் அரிவாள்மூக்கன்கள் கூடு கட்டியிருந்தன. உடும்புகள் கோரைக்குள் பதுங்கிப் போய் முட்டைகளை உறிஞ்சின. கூட்டம் கூடக்கூட முட்டையும் கூடியது. இது அப்போது யாருக்கும் தெரியாது.

தேர்வு நாள் வந்தது. தாழி ஒரு காயை வாயில் கவ்வி வரிசையில் நகர்ந்தாள். இரண்டு கட்டைகளையும் பார்த்தாள். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? இரண்டு கட்டைகளுக்கும் நடுவே வெறும் தரையில் காயைத் துப்பினாள்.

பின்னால் நின்ற ஈமு அதைப் பார்த்துச் சிரித்தது. அதுவும் தரையில் போட்டது. நெடுங்காலனும் போட்டான். "இதுதான் சரி. இந்தக் குவியலைப் பார்த்தாவது அவர்களுக்கு வெட்கம் வரட்டும்" என்றான். பேச்சு பரவியது. மாலைக்குள் தரையில் கிடந்த குவியல், கட்டைகளுக்குள் கிடந்ததைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. தாழி பெருமையோடு பார்த்தாள். தன் கோபம் குன்றுபோல் எழுந்து நிற்பதாக அவளுக்குத் தோன்றியது.

காய்களை எண்ணுவது பொறுமையார் என்ற ஆமையின் வேலை. அவர் சாமரனின் கட்டையைக் கவிழ்த்தார். வரியனின் கட்டையைக் கவிழ்த்தார். நிதானமாக எண்ணினார். "வரியனுக்கே வெற்றி" என்றார்.

"அந்தக் குவியல்?" என்றாள் தாழி.

"கட்டைக்குள் விழுந்த காய்தான் கணக்கு அம்மா. தரையில் விழுந்தது வெறும் காய்" என்றார் ஆமை.

வரியனுக்குக் கிடைத்தது அவன் சொந்தபந்தங்களின் காய்களும் இன்னும் கொஞ்சமும்தான். அதுவே போதுமாக இருந்தது. அவன் ஊர்ந்து வந்தான். பேசுவதற்கு மேடான இடம் தேடினான். தரையில் கிடந்த குவியல் கண்ணில் பட்டது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டான்.

"அன்பர்களே, இத்தனை பேர் என்னை எதிர்த்து ஒரு காய்கூடப் போடவில்லை. எவ்வளவு நம்பிக்கை! நன்றி" என்றான்.



வரியன் ஆளத் தொடங்கினான். மேற்குத் துறையின் நிழலான பக்கம் உடும்புகளுக்கு என்றான். மீதிப் பக்கத்தில் பழைய குடிகள் முதலில் குடிக்க வேண்டும், புதியவர்கள் உச்சிவெயிலில்தான் வர வேண்டும் என்றான். கிழக்குக் கரையில் யாரும் மண்ணைத் தொடக்கூடாது என்றும் உத்தரவு போட்டான்.

பழைய குடிகள் சில நாள் மகிழ்ந்தார்கள். ஆனால் பாதித் துறையை உடும்புகள் எடுத்துக்கொண்டதால் வரிசை குறையவே இல்லை. அவர்கள் குடித்து முடிப்பதற்குள் உச்சிவெயில் வந்துவிடும். தாகத்தில் தவித்த புதியவர்கள் குபுகுபுவென்று துறைக்குள் பாய்வார்கள். நாளுக்கு நாள் தள்ளுமுள்ளு.

ஒரு நாள் தாழி மொட்டுவைப் பையிலிருந்து இறக்கி நடத்திக் கூட்டிப் போனாள். தண்ணீரை நெருங்கும் நேரத்தில் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பின்னாலிருந்து கூட்டம் பாய்ந்தது. யாரோ இடித்தார்கள். மொட்டு கால் இடறிச் சறுக்கி, ஓரத்துச் சேற்றில் விழுந்தது. உளைச் சேறு. விழுந்த வேகத்தில் வயிறுவரை இறங்கிவிட்டது.

"என் பிள்ளை!" என்று தாழி அலறினாள். சேற்றில் பாய்ந்து தோண்டினாள். அவள் தோண்டத் தோண்டச் சேறு சரிந்து குட்டியின் கழுத்துக்கு வந்தது.

"தோண்டாதே, நில்" என்று ஒரு குரல் கேட்டது. வளைவி என்ற அரிவாள்மூக்கன் பறந்து வந்து சேற்றில் இறங்கினாள். அவளுடைய நீண்ட கால்கள் சேற்றில் உறுதியாக நின்றன. "நீ தோண்டினால் மேல்மண் சரியும். பிள்ளையை மட்டும் பிடித்துக்கொள்." அவள் குரல் கொடுத்ததும் இன்னும் பல பறவைகள் வந்தன. வளைந்த அலகுகளால் குட்டியைச் சுற்றிச் சேற்றைக் கொத்திக் கொத்தி அள்ளி வீசின. அலகிலும் இறகிலும் சேறு அப்பியது. கொஞ்ச நேரத்தில் தாழி ஓர் இழுப்பில் மொட்டுவை வெளியே எடுத்துவிட்டாள்.

குட்டி இருமியது. சேற்றைத் துப்பியது. பிறகு அழுதது. தாழி அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"நீங்கள் எப்படிச் சேற்றை இவ்வளவு லேசாக..." என்று கேட்டாள், மூச்சு திரும்பியதும்.

"நாங்கள் சதுப்பில் பிறந்தவர்கள். சேறுதான் எங்கள் சோற்றுப்பானை" என்றாள் வளைவி. "வந்த நாளே அந்தக் கிழக்குத் துறையைப் பார்த்தோம். உங்களைப்போல் கோரைவேரை வெட்டுகிறவர்கள் சேர்ந்தால் திறந்துவிடலாம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. இப்போது தொட்டாலே குற்றம் என்கிறார்கள்."

"உங்களுக்கு எங்கள்மேல் வருத்தம் இல்லையா?"

"இல்லாமல் என்ன? வெயிலில் நிற்கும்போது நிறையவே வரும்" என்றாள் வளைவி. "ஆனால் வரிசையில் நிற்பது எங்களுக்கு மட்டும் ஆசையா? முட்டைகள் வேறு காணாமல் போகின்றன. புகார் சொன்னால் வரியன், உங்களை யார் வரச் சொன்னது என்கிறான்."

தாழி வளைக்குத் திரும்பினாள். மொட்டு பையில் தூங்கியது. அவளுக்கு மட்டும் மனம் அடங்கவில்லை. வரியனைத் திட்டிப் பார்த்தாள். சாமரனைத் திட்டிப் பார்த்தாள். இருந்தும் கண்ணை மூடினால், தான் துப்பிய காயின்மேல் வரியன் ஏறி நின்ற காட்சிதான் வந்தது.

அடுத்த மழைக்காலம் முடியும் தறுவாயில் தாழி மரநிழல் மரநிழலாகப் போய் எல்லோரிடமும் பேசினாள். முதலில் நெடுங்காலனிடம் போனாள்.

"இந்த ஆண்டும் தரைதானே அக்கா?" என்றான் அவன், படுத்தபடியே.

"தரையில் போட்டோம். அவன் வெட்கப்படுவான் என்று நினைத்தோம். ஏறி நின்று நன்றி சொன்னான்."

"அதற்காக அந்தக் கிளிக்குப் போடச் சொல்கிறாயா? அவனும் ஒன்றும் கிழிக்கமாட்டான்."

"யாருக்கும் போடச் சொல்லவில்லை. யாராவது கிழிக்கும்வரை காயை வாயிலேயே வைத்திரு என்கிறேன்."

நெடுங்காலன் ஒரு காதை மட்டும் தூக்கினான். "விளங்கவில்லையே."

"தேர்வு நாளில் பொழுது சாயும்வரை காய் போடலாம். நாம் எல்லோரும் காலையிலேயே போவோம். காயோடு உட்கார்ந்துகொள்வோம். முதலில் கிழக்குத் துறையில் இறங்கி மண்ணை அள்ளுங்கள், அப்புறம் காய் என்போம். வேலையைப் பார்த்துவிட்டுப் போடுவோம்."

"எல்லோரும் உட்காருவார்களா?"

"நீ உட்காருவாயா?"

நெடுங்காலன் வெகுநேரம் வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். துறையில் அவன் மகளும் ஒருமுறை மிதிபட்டிருந்தாள். "உட்காருவதுதானே, அது எனக்கு நன்றாக வரும்" என்று எழுந்தான். அவனும் தாழியோடு நடந்தான்.

எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஈமு கேலி செய்தது. ஒரு கோலா கரடி, "எனக்குத் தூக்கம் வருகிறது, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றது. எறும்பு தின்னும் முள்ளெலி ஒன்று, "வந்தேறிகளுக்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று சிலிர்த்தது. தாழி அதோடு சண்டை போடவில்லை. "உன் தாகத்துக்காகக் காத்திரு" என்றாள். முள்ளெலி முணுமுணுத்தது. ஆனாலும் தேர்வு நாளில் வந்தது.

அன்று காலை பொறுமையார் கட்டைகளை வைத்தார். உடும்புகள் வரியனுக்குப் போட்டன. கொண்டைக்கிளிகள் சாமரனுக்குப் போட்டன. மற்ற எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவர் வாயிலும் பேச்சில்லை, காய் இருந்தது.

"ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? போடுங்கள், போடுங்கள்" என்று சாமரன் கிளையில் அங்குமிங்கும் நடந்தான்.

தாழி காயை எடுத்துக் கால்நகங்களுக்குள் பிடித்துக்கொண்டாள். "கிழக்குத் துறையைத் திறக்க முதல் மண்ணை அள்ளுகிறவருக்குத்தான் எங்கள் காய். வாக்குறுதி வேண்டாம். மண் வேண்டும்."

"இது முறையா?" என்று வரியன் ஆமையிடம் சீறினான்.

பொறுமையார் யோசித்தார். "பொழுது சாய்வதற்குள் போட வேண்டும் என்பதுதான் முறை. பொழுது இன்னும் சாயவில்லை" என்றார்.

வரியனும் சாமரனும் அந்த உட்கார்ந்த கூட்டத்தைப் பார்த்தார்கள். தங்கள் கட்டைகளில் கிடந்த கொஞ்சக் காய்களையும் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கிழக்குக் கரைக்கு ஓடினார்கள்.

சாமரன் அதுவரை சேற்றைத் தொட்டதில்லை. ஒரு கோரைத்தண்டை அலகால் கவ்வி இழுத்தான். அது அறுந்ததும் மல்லாந்து சேற்றில் விழுந்தான். வெள்ளை உடம்பெல்லாம் கறுப்பு. கூட்டம் சிரித்தது. அவன் வெட்கத்தோடு எழுந்து அடுத்த தண்டைக் கவ்வினான்.

வரியனுக்கு வலுவான நகங்கள். அவன் ஒரு வீச்சில் ஒரு புதரையே பெயர்த்தான். "பார்த்தீர்களா, யார் வேலைக்காரன்!" என்று திரும்பினான். இரண்டாவது புதரைப் பெயர்க்கக் கையை வைத்தபோது, அதற்குள்ளிருந்து ஓர் இளம் உடும்பு தலையை நீட்டியது. "மாமா, இங்கே தோண்டாதீர்கள். நாம் ஒளிகிற இடம் போய்விடும்" என்றது. அதன் வாயோரம் மஞ்சள் கரு ஒழுகியது. பெயர்ந்த புதரின் அடியில் முட்டை ஓடுகள் கும்பலாகக் கிடந்தன.



வளைவி முன்னே வந்தாள். ஒரு முட்டையோட்டை அலகால் புரட்டினாள். "நான் தேடாத இடமில்லை" என்றாள், மிக மெல்ல. முள்ளெலி அவள் பக்கத்தில் போய் நின்றது.

வரியன் மேலே தோண்டவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல் விழித்தான். பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தான்.

தாழி சேற்றில் இறங்கினாள். கோரைவேர்களைப் பல்லால் வெட்டினாள். பறவைகள் சேற்றை அள்ளின. கங்காருக்கள் புதர்களை இழுத்துக் கரையேற்றின. காய்களைக் கரையில் பத்திரமாக வைத்திருந்தார்கள், இன்னும் யாரும் கட்டையில் போடவில்லை. சாமரனும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பொழுது சாயும் முன் கோரைக்கு நடுவே ஒரு வழி திறந்து, கலங்கிய தண்ணீர் கரையைத் தொட்டது.

பிறகு காய் வைத்திருந்தவர்கள் எல்லோரும் போய்க் கட்டைகளில் போட்டார்கள். தரையில் ஒன்றுகூட விழவில்லை. சாமரன் வென்றான்.

சாமரன் ஒரே நாளில் உத்தமனாகிவிடவில்லை. சில நாளிலேயே குளித்து, கொண்டையைச் சீவி, உயரமான கிளையில் ஏறிக்கொண்டான். பாதியில் நிற்கும் துறை வேலையை மறக்கப் பார்த்தான். ஆனால் தினமும் காலையில் தாழியும் நெடுங்காலனும் மரத்தடிக்கு வந்து, "என்ன ஐயா, இன்றைக்கு எவ்வளவு தூரம் வாருகிறோம்?" என்று கேட்டார்கள். அவனுக்குக் கீழே இறங்குவதைத் தவிர வழியில்லை.

துறை முழுதும் திறந்ததும் ஊர்க்கூட்டம் கூடியது. இந்த மடு எத்தனை பேரைத் தாங்கும் என்று முதல்முறையாக வெளிப்படையாகப் பேசினார்கள். புதியவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். முள்ளெலி கத்தியது. வளைவியும் கத்தினாள். ஒரே நாளில் முடிவு வரவில்லை. கடைசியில், கோடையில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்து ஆண்டுதோறும் எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்பது என்று தீர்மானித்தார்கள். கூட்டம் முடிந்ததும் முள்ளெலியும் வளைவியும் ஒரே துறையில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள்.

ஆள்பவர்மேல் வெறுப்பு வந்தால் வாக்கை வீசி எறியக்கூடாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்றாக நின்று கேள்வி கேட்க வேண்டும்.